அட்டை மேசை ரசலையன்

கருங்கல் சந்தையில் நின்று ரசலையன் வீடு எது என்று கேட்டால், எந்த ரசலையன் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பக்கத்தில் அந்தப் பேர் கொஞ்சம் அதிகம். அட்டை மேசை ரசலையன் என்று சொல்லிப் பாருங்கள், ஆட்டோக்காரர் முதல் மீன்காரி வரை வழி சொல்வார்கள். கூடவே, யாரும் கேட்காமலேயே, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் நடந்த கதையையும் சொல்வார்கள். அதற்கு ஆளாளுக்குக் கை கால் வைத்து, இப்போது அந்தக் கதை தனியாக எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைப்பது நல்லது.

அட்டை மேசை என்றால் வேறொன்றும் இல்லை, பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதற்கான மேசை. மரம் கிடையாது, ஆணி கிடையாது. பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒன்றின் வெட்டில் இன்னொன்றைச் செருகி நிற்க வைத்தது. வேண்டாதபோது மடக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளலாம். பழசாகிவிட்டால் பழைய பேப்பர்காரரிடம் போடலாம், மறுபடி அட்டையாகப் பிறந்து வரும். வாங்க வருகிறவர்களிடம் ரசலையன் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சாயா ஆறிவிடும்.

இந்த வேலையை அவர் படித்தது சவூதியில், தமாம் பட்டணத்தில். மகள் தவழ்ந்துகொண்டிருந்த 2004-ஆம் வருஷம் அங்கே ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போனார். ஊரில் சொன்னது ‘ஃபர்னிச்சர் கம்பெனியில் சூப்பர்வைசர்’. முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கடைசி சில வருஷங்களில் அந்தக் கம்பெனி, கண்காட்சிகளுக்கென்று அட்டையிலேயே நாற்காலியும் அலமாரியும் செய்து விற்றது. ஒரு தடிமனான வெள்ளைக்காரர் அட்டை நாற்காலியில் உட்கார்ந்து, அது ஒடியாததைக் கண்டு தானே ஆச்சரியப்பட்டு, எழுந்து மறுபடி உட்கார்ந்து பார்த்ததை ரசலையன் கண்ணால் கண்டிருக்கிறார். அன்றைக்கு அட்டை மேல் அவருக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வருவது எப்போதும் ஏப்ரல், மே மாதங்களில். பள்ளிக்கூடம் அடைத்திருக்கும், மகளோடு இருக்கலாம் என்கிற கணக்கு. அதனால் ஒரு காரியம் அவர் கண்ணில் படாமலே போய்விட்டது. மகள் படித்து அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மகளின் பேர் பெர்லின். ஜெர்மனிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அந்தப் பக்கத்துச் சபைகளில் அப்படிப் பேர் வைப்பது சாதாரணம். 2015 ஜூன் மாதம் கம்பெனி ஆளைக் குறைத்தபோது ரசலையன் ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். பெர்லின் அப்போதுதான் ஏழாம் வகுப்புக்குப் போயிருந்தாள். நல்ல பிள்ளை. அப்பா அறைக்குள் வந்தால் சட்டென்று எழுந்து நிற்பாள். ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் பேச மாட்டாள். வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார்களே, அதே மாதிரி. முதல் வாரம் ரசலையனுக்கு அது பெருமையாக இருந்தது. இரண்டாவது வாரம் அதுவே உறுத்தியது. நம் வீட்டில் நாம் என்ன விருந்தாளியா என்று மனைவி குளோரியிடம் கேட்டார். வந்து நாலு நாள்தானே ஆகிறது, பிள்ளை பழகட்டும் என்றாள் குளோரி.

அந்த வீட்டில் விருந்தாளிக்குத்தான் எல்லா வசதியும் இருந்தது. முன்னறையில் சோபா செட், வாங்கி வந்த நாளில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படாமல். அதற்கு அப்பால் தேக்கில் செய்த சாப்பாட்டு மேசை. அதன்மேல் பிளாஸ்டிக் ஆப்பிளும் பிளாஸ்டிக் திராட்சையும் நிரந்தரமாகக் குடியிருந்தன. கண்ணாடி அலமாரியில் யாரும் குடிக்காத டீ கப்புகள். இவை எதன்மேலும் பிள்ளை நோட்டை விரித்துவிடக் கூடாது என்பது குளோரியின் சட்டம். பேனா மை பட்டால் போகாது என்பாள்.

ஒரு சாயங்காலம் ரசலையன் எட்டிப் பார்த்தபோது பெர்லின் கட்டிலில் குப்புறக் கிடந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் துள்ளி எழுந்தாள். ரசலையனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய வீட்டில் பெற்ற பிள்ளைக்குப் படிக்க ஒரு மேசை இல்லை, தான் அட்டையோடு மல்லுக்கட்டிய ஆள், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? அவள் உட்கார்ந்து படிக்க ஒரு மேசை, அதுவும் தன் கையால். அவள் மட்டும் அதில் உட்கார்ந்துவிட்டால் தானும் இந்த வீட்டு ஆளாகிவிடலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை, அதனால்தான் அதை அவ்வளவு நம்பினார்.

முதல் மேசைக்குக் கால்களை அட்டையைச் சுருட்டிச் செய்தார். பிள்ளை கைபடும் பொருள், ரசாயனப் பசை ஆகாது என்று மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சி ஒட்டினார். மேசை கம்பீரமாக நின்றது. காயட்டும் என்று போர்ட்டிகோவில் வைத்துவிட்டுத் தூங்கப் போனார். காலையில் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமணியின் ஆடு இரண்டு கால்களைத் தின்று முடித்து, மூன்றாவதில் இருந்தது. சண்டைக்குப் போக வேண்டியவர் ரசலையன், ஆனால் வந்தவர் கிருஷ்ணமணி. ஆட்டுக்கு வயிறு உப்பிக் கிடக்கிறது, அப்படி எந்த விஷத்தைப் பூசினாய் என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். ரசலையனோ கோபப்படாமல், தன் பசையில் ஒரு கெடுதலும் கிடையாது, பிள்ளைகள் நக்கினால்கூட ஒன்றும் செய்யாது என்று விளக்க ஆரம்பித்தார்.

“பிள்ள நக்குமோ நக்காதோ, எனக்க ஆடு தின்னாச்சு” என்றார் கிருஷ்ணமணி.

இரண்டாவது மேசையின் பசையில் வேப்பெண்ணெய் கலந்தார். ஆடு மோந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போனது. பெர்லினும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தாள், தும்மலை மட்டும் மரியாதைக்காக அடக்கிக்கொண்டாள். மூன்றாவதில் பசையே வேண்டாம் என்று வெட்டிச் செருகும் முறைக்கு வந்தார். மழைக்காலத்தில் அட்டை ஊறிவிடாமல் இருக்க மார்த்தாண்டத்தில் தேன்மெழுகு வாங்கிவந்து உருக்கித் தேய்த்தார். பார்த்தால் மரமோ என்று தோன்றும், தட்டினால்தான் அட்டை என்று தெரியும். அவருக்கே தன் கையை எடுத்து முத்தமிட வேண்டும்போல் இருந்தது.

பெர்லின் எழுந்து நின்று, “நல்லாருக்கு அப்பா” என்றாள். மறுநாள் பார்த்தால் அந்த மேசைமேல் இஸ்திரி போட்ட யூனிபாரம் மடக்கி வைத்திருந்தது. பிள்ளை பழையபடி கட்டிலில் குப்புறக் கிடந்தாள். அதன்பின் தினமும் ஏதாவது சாக்கு வைத்து அந்த அறைப் பக்கம் போய்ப் பார்த்தார். யூனிபாரத்துக்குத் துணையாக ஒரு குடையும் வந்து சேர்ந்ததே தவிர வேறு மாற்றம் இல்லை. ரசலையன் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார். அழுதாரா என்று குளோரியைக் கேட்டால், மனுஷனுக்கு அப்போது ஜலதோஷம் என்பாள்.

ஆறுதலுக்கு அவளே ஒரு வழி சொன்னாள். சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை வருகிறது. ஆராதனை முடிந்ததும் அவரவர் விளையில் விளைந்ததை, வளர்த்ததை, கையால் செய்ததைப் படைப்பார்கள். அதை வளாகத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். இந்த வருஷம் நீங்கள் ஒரு மேசை செய்து படையுங்கள், யாராவது ஒரு பிள்ளை உட்கார்ந்து படிக்கட்டும் என்றாள். ரசலையனுக்குத் தெம்பு வந்துவிட்டது. சபைக்குக் கொடுப்பது என்றால் நல்ல அட்டையாக இருக்க வேண்டும். தமாமிலிருந்து வந்தபோது மாடிப்படிக்குக் கீழே அடுக்கிய தன் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி, ஒரு பெரிய டிவி பெட்டி இருந்தது. முதல் தடவை லீவுக்கு வருவதற்கு முன்னால் அவரே கார்கோவில் அனுப்பியது. நாலு பக்கமும் கறுப்பு மார்க்கரில், கொட்டை கொட்டையான ஆங்கில எழுத்தில், அவருடைய பேரும் ஊரும். ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவில் தன் பெட்டி தொலைந்துவிடக் கூடாதே என்று கல்ஃப்காரர்கள் எல்லோரும் எழுதுவதுதான்.

அட்டையை விரலால் சுண்டிப் பார்த்தார். இரட்டை நெளி, உள்ளே இரண்டு வரிசை நெளிவு வைத்த கெட்டி அட்டை. இப்போதெல்லாம் இப்படி அட்டை எங்கே வருகிறது? மேலே ஏதோ கிறுக்கல்கள், கூட்டல், வகுத்தல், ஒரு பூனை. சுவரில் கிறுக்காமல் பெட்டியில் கிறுக்கியிருக்கிறாளே, நல்ல பிள்ளை என்று மெச்சிக்கொண்டார். கத்தியை எடுத்து அந்தப் பெட்டியை நாலாக வகுந்தார். பேர் எழுதிய பக்கம் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று அதை மேற்பலகையின் அடியில் வருமாறு திருப்பி வைத்தார். மேலே தேன்மெழுகு மினுமினுத்தது. சனிக்கிழமை மாலையே தலையில் சுமந்து சபைக் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். ஏலம் மாலையில்தான். பெர்லின் கையைக் கழுவிவிட்டுக் கணக்குப் புத்தகத்தோடு மாடிப்படிப் பக்கம் ஓடினாள். அப்பாவின் பெட்டிகள் வெளியே வந்து, உள்ளே போக வழி திறந்திருப்பதை அவள் காலையிலேயே தூரத்திலிருந்து கவனித்திருந்தாள். ஓடியவள் அப்படியே நின்றாள்.

“அம்மா, எனக்க மேசை எங்க?”

இதைக் கேட்டதும் ரசலையனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எனக்க மேசை என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாளே! யூனிபாரத்தையும் குடையையும் கட்டிலில் எறிந்துவிட்டு, அந்த மூன்றாவது மேசையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து அவள் முன்னால் வைத்தார். பெர்லின் அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், இது இல்லை என்று மெல்லச் சொன்னாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. சாத்தியிருந்தால் ரசலையனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

குளோரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்த டிவி பெட்டிதான் பெர்லினுக்கு மேசை. ஒன்றாம் வகுப்பிலிருந்து மாடிப்படிக்குக் கீழே அதன்முன் உட்கார்ந்துதான் எழுதுவாள், படிப்பாள். ஜூன் மாதம் ரசலையன் வந்து தன் பெட்டிகளை அங்கே அடுக்கியதில் வழி அடைபட்டுப் போயிற்று. அப்பா வைத்ததை எப்படி நகர்த்தச் சொல்வது என்று பிள்ளை வாயைத் திறக்காமல் கட்டிலுக்குப் போய்விட்டாள். வந்த மனுஷன் ஆசையாக எதையோ செய்கிறாரே, இடையில் புகுந்து கெடுப்பானேன் என்று குளோரியும் சும்மா இருந்துவிட்டாள். பெட்டி பின்னால் பத்திரமாக இருக்கிறது என்பதுதான் அவள் நினைப்பு.

“அப்பா எங்கன்னு கேட்டா அந்தப் பெட்டியத்தான் கையக் காட்டுவா, மூணு வயசில” என்றாள் குளோரி. “அதில உள்ள உங்க பேர வச்சுத்தான் ஏ, பி, சி படிச்சா. நீங்க அந்த வருசம் லீவுக்கு வந்து எறங்கினப்ப, உங்களப் பாத்துப் பயந்து அந்தப் பெட்டிக்குப் பொறத்த போயி ஒளிஞ்சா. மறந்து போச்சா?”

மறக்கவில்லை. பிள்ளை ஒளிந்தது ஞாபகம் இருந்தது, எதற்குப் பின்னால் ஒளிந்தாள் என்பதைத்தான் அவர் கவனிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். படைத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ஏலத்தில் எடுக்கலாம்.

கோயில் வளாகத்தில் நல்ல கூட்டம். கமிட்டிக்காரர் ஞானசிங் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். வாழைக்குலை, தடியங்காய், சேவல் எல்லாம் போயின. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்த பொருளை முதல் தடவையிலேயே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது கௌரவக் குறைச்சல். ‘சபைக்கே’ என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது மறுபடி ஏலத்துக்கு வரும். அப்படித் திரும்பத் திரும்ப விலைபோய், கடைசியில் யார் வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் அந்தச் சேவலே குழம்பி நிற்கும்.

மேசை வந்தது. ரசலையன் முதல் ஆளாகக் கேட்டார். தான் படைத்ததைத் தானே கேட்கிறாரே என்று கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஏலம் பார்க்க வந்திருந்த கிருஷ்ணமணி, என் ஆட்டுக்கு இது பழகிப்போன ருசி என்று சிரித்துக்கொண்டே கூட்டிக் கேட்டார். ரசலையன் மேலே போனார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். மேசை ரசலையனுக்கு. அவர் இரண்டு எட்டு வைப்பதற்குள் ஞானசிங், நம்ம ரசலையன் அதைச் சபைக்கே கொடுத்துவிட்டார் என்று அறிவித்து, எல்லோரையும் கைதட்ட வைத்துவிட்டார்.

இல்லை, நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த ஆள், அதுவும் தான் படைத்த பொருள், அதைப் போய்ச் சபைக்குக் கொடுக்க மாட்டேன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல எந்த நாக்கு எழும்பும்? ரசலையன் மறுபடி கேட்டார். இந்தத் தடவை கேட்கும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் வினையாயிற்று. கல்ஃபிலிருந்து வந்தவன் ஒரு அட்டை மேசைக்காக இப்படிப் பதறுவானா, அட்டைக்கு நடுவில் தங்கம் அல்லவா வைத்திருக்கிறான் என்று யாரோ ஒருவர் பக்கத்தில் நின்றவர் காதில் ஓதினார். அது வளாகத்தைச் சுற்றிவர அதிக நேரம் ஆகவில்லை. வாழைக்குலையோடு வீட்டுக்குக் கிளம்பியவர்கள் குலையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஆடு இரண்டு காலைத் தின்றதே, அதன் வயிறு உப்பியது எதனால் என்று கிருஷ்ணமணிக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டாம் தடவையும் எப்படியோ ரசலையனே எடுத்தார். ஞானசிங்கும் சளைக்காமல், சபைக்கே என்றார். மூன்றாம் தடவை ஏலம் தொடங்கியபோது விலை போன வேகத்தில் ரசலையனுக்குக் காது அடைத்துவிட்டது. ஆளுக்கு ஆள் கூட்டினார்கள். அவர் கூட்டினார். இன்னொருவர் கூட்டினார். ரசலையன் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார், கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்தவர்கள் தங்கம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

பெர்லின் அம்மாவோடு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். மறுநாள் பரீட்சை என்பதால் புத்தகமும் நோட்டும் கையில் இருந்தன. ஏலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்பாவின் முகத்தையும் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்குள் நுழைந்து மேசையிடம் போனாள். குனிந்து மேற்பலகைக்கு அடியில் பார்த்தாள். தலைகீழாக, ஆங்கில எழுத்தில், கொட்டை கொட்டையாக அப்பாவின் பேர். பக்கத்தில் அவளுடைய பூனை, வாலில்லாமல். வால் வேறு துண்டில் போய்விட்டது. ஞானசிங் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிய நேரம், அவருடைய ஸ்டூலை இழுத்துப் போட்டு மேசைமுன் உட்கார்ந்து நோட்டை விரித்தாள்.

“ஏட்டி மக்கா, எழும்பு. ஏலம் முடியட்டு” என்றார் ஞானசிங்.

“இது எனக்க மேசை. நாளைக்கு எனக்குப் பரீட்ச இருக்கு” என்றாள் பெர்லின். எழுந்திருக்கவில்லை.

படிக்கிற பிள்ளையை எழுப்பிவிட்டு ஏலம் விடுவது அந்தச் சபையில் அதுவரை நடந்ததில்லை. கிருஷ்ணமணிதான் முதலில் சிரித்தார். சிரிப்பு பரவியது. ஞானசிங் ஸ்டூல் இல்லாமலே தரையில் நின்று, ரசலையன் பேருக்கு மூன்று தரமும் சொல்லி முடித்தார். இந்தத் தடவை சபைக்கே என்று சொல்ல வாயெடுத்தவர், பிள்ளையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு மொத்தம் என்ன விலை ஆயிற்று என்பதைக் குளோரி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ரசலையன் தயங்கித் தயங்கி மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். எப்போதும்போல் எழுந்துவிடுவாளோ என்று பயந்து ஓர் எட்டுத் தள்ளியே நின்றார். பெர்லின் தலையைத் தூக்கவில்லை. வளாகத்து மணலில் மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அவள் எழுதிய கோடு கோணலாகப் போயிற்று.

“அப்பா, மேச ஆடுது. இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க.”

ரசலையன் வெள்ளை வேட்டியோடு மணலில் குத்த வைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். அவள் கணக்கைப் போட்டு முடிக்கும்வரை விடவில்லை.